இரண்டு ஊர்க் கடிதங்கள், மூன்றாவது ஒரு வீடு

1925 மார்ச் 11ஆம் தேதி, பெய்ஜிங்கில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சூ குவாங்பிங் என்ற மாணவி தன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஆசிரியர் வாரத்துக்கு ஒருமுறை வந்து சீனப் புனைகதையின் வரலாற்றைப் பாடம் நடத்திவிட்டுப் போவார். முப்பதுக்கும் மேற்பட்ட பாடவேளைகள் உள்ள வாரத்தில் அந்த ஒன்றுக்காகவே காத்திருப்பதாகக் குவாங்பிங் எழுதினார். முதல் வரிசையில் உட்கார்ந்து, மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற மாணவி தான்தான் என்றும் அறிமுகம் செய்துகொண்டார். கல்லூரி நிர்வாகம் ஆசை காட்டி மாணவிகளை வளைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கசக்கும் தேநீரில் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரை உங்களிடம் உண்டா என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் அன்றிரவே பதில் எழுதினார். சர்க்கரை எங்கே கிடைக்கும் என்று எனக்கும் தெரியாது, அந்தக் கேள்விக்கு மட்டும் வெற்றுத்தாளைத்தான் கொடுக்க முடியும் என்றார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுதுகொண்டு நிற்காமல் கொஞ்சம் உட்கார்ந்து, தூங்கக்கூடச் செய்துவிட்டு, பிறகு ஒரு வழியைத் தேர்ந்து நடப்பேன் என்றும், புலி வந்தால் மரத்தில் ஏறிக்கொள்வேன் என்றும் எழுதினார். 43 வயதுப் பேராசிரியர் 27 வயது மாணவிக்கு எழுதும் பதிலில் உபதேசம் இல்லாதிருப்பது பெரிய விஷயம். அவர்தான் லூ சுன், நவீன சீன இலக்கியத்தின் முதல் பெயர். அந்தப் பதிலில் ஒரு விநோதமும் இருந்தது. அவளை 'குவாங்பிங் சியோங்' என்று விளித்திருந்தார். சியோங் என்றால் அண்ணன்.

குவாங்பிங் திடுக்கிட்டு, இது எனக்குத் தகுமா என்று கேட்டு எழுதினார். நண்பர்களையும் தன் வகுப்புக்கு வருகிறவர்களையும் கடிதத்தில் இப்படி அழைப்பது தானே வகுத்துக்கொண்ட வழக்கம், வெறும் பெயரைச் சொல்வதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான் என்று விளக்கம் வந்தது. 'வாடா கண்ணா' என்று பெண்குழந்தையைக் கொஞ்சுகிற வீடுகளில் வளர்ந்த எனக்கு இதில் புதுமை ஏதும் தெரியவில்லை. மரியாதையோ பிரியமோ, எதைக் கொடுப்பதானாலும் பெண்ணை ஒரு நிமிஷம் ஆணாக்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதங்கள் 1933இல் 'இரண்டு இடத்துக் கடிதங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தன. எழுதிய இருவருமே சேர்ந்து வெளியிட்டார்கள். 135 கடிதங்கள், மூன்று பகுதிகள்: 1925இல் பெய்ஜிங்குக்குள்ளேயே எழுதிக்கொண்டவை, 1926–27இல் ஷியாமென், குவாங்சோ என்ற இரண்டு துறைமுக நகரங்களுக்கிடையே போய் வந்தவை, 1929இல் பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே எழுதப்பட்டவை. முதல்முறை படித்தபோது நான் மயங்கித்தான் போனேன். கல்வியும் அரசியலும் கேலியும் கோபமும் கலந்து, ஒரு பெண் ஓர் ஆணுக்குச் சமமாக நின்று வாதாடி, அந்த வாதத்துக்குள்ளேயே காதல் வளர்வதைக் கண்முன்னே பார்க்கலாம். இரண்டாம் முறை படித்தபோது வேறொன்றுக்கும் காதுகொடுத்தேன். அவர் கடிதம் எழுதிய அறைக்கு அடுத்த அறையில் யாரோ நடமாடும் சத்தம்.

பெய்ஜிங்கின் மேற்குப் பகுதியில் 1924இல் லூ சுன் வாங்கிக் குடியேறிய வீடு சிறியது. நடுக்கூடத்தின் பின்புறம் வால்போல நீட்டிக் கட்டிய ஓர் அறை அவருடைய படிப்பறை, படுக்கையறை எல்லாமும். அதற்குப் 'புலிவால்' என்று பெயர். கிழக்கு அறையில் அவருடைய தாய். மேற்கு அறையில் ஜூ ஆன், அவருடைய மனைவி.

ஜூ ஆன் 1878இல் பிறந்தவர், கணவரைவிட மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் ஊர் ஷாவ்ஷிங். நிச்சயம் செய்தது தாய். ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த லூ சுன், பெண்ணின் பாதக்கட்டை அவிழ்க்க வேண்டும், அவளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இரண்டும் நடக்கவில்லை. 1906இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அவரை வரவழைத்துக் கல்யாணத்தை முடித்துவைத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாத கால்தான் பிடிக்கும் என்று தெரிந்து, மணப்பெண்ணுக்குப் பெரிய செருப்பை மாட்டிவிட்டார்களாம். பல்லக்கிலிருந்து இறங்கும்போது அது கழன்று விழுந்தது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அவன் விருப்பத்தைத் தன் காலில் பொய்யாகவாவது மாட்டிக்கொண்டு வந்தவளாகத்தான் ஜூ ஆனை அது நினைவு வைத்திருக்கிறது. நான்கைந்து நாட்களில் மாப்பிள்ளை மறுபடி ஜப்பானுக்குக் கப்பலேறிவிட்டார்.

இது அம்மா எனக்குக் கொடுத்த பரிசு, நன்றாகப் பராமரிக்கத்தான் முடியும், காதலைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது என்று அவர் தன் நெருங்கிய நண்பரிடம் சொன்னார். வார்த்தை தவறாமல் பராமரிக்கவும் செய்தார். சோறு, துணி, வைத்தியம் எதிலும் குறைவில்லை. 1923இல் தம்பியோடு சண்டையிட்டுக் கூட்டுவீட்டை விட்டு வெளியேறியபோது, ஊருக்குப் போகிறாயா இங்கேயே இருக்கிறாயா என்று மனைவியிடம் கேட்டார். உங்களுக்கும் சமைக்க, துவைக்க ஓர் ஆள் வேண்டுமே, நான் உங்களோடு வருகிறேன் என்று ஜூ ஆன் சொன்னதாக அந்த வீட்டில் பழகிய ஒரு பெண் எழுதியிருக்கிறார். பேச்சு அநேகமாகக் கிடையாது. அழுக்குத் துணிக்கு ஒரு பெட்டி அவருடைய கட்டிலுக்கடியில், துவைத்த துணிக்கு ஒரு பெட்டி அந்த அம்மாளின் அறை வாசலில். அந்தப் பெட்டிகள் வழியாகவே இருவருக்கும் போக்குவரத்து நடந்தது.

தாலியின் பேரில் கட்டிவைக்கப்பட்ட ஆணின் துயரத்தையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. அவர் அதை மனதார அனுபவித்தார். ஆனால் அவருக்கு அந்தத் துயரத்தை எழுத ஒரு மேசை இருந்தது.

குவாங்பிங்கின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்கியது. குவாங்சோவில் 1898இல் பிறந்த சில நாட்களிலேயே, தந்தை குடிபோதையில் அவரை ஒரு குடும்பத்துக்கு மருமகளாக்க வாக்குக் கொடுத்துவிட்டார். வளர்ந்த பிறகு குவாங்பிங் முடியாது என்று நின்றார். அண்ணன் ஒருவர் துணைநின்றார். வடக்கே தியென்ஜினுக்குப் போய் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்; 1919 மாணவர் எழுச்சியின்போது அங்கே பெண்கள் சங்கத்தில் வேலை செய்தார். ஆக, இந்த இரண்டு பெண்களுக்கும் இடையே இருப்பது இருபது வருஷமும் ஒரு பள்ளிக்கூடமும். ஒருத்தியை நவீனமானவள், இன்னொருத்தியைப் பழையவள் என்று இலக்கிய வரலாறு சுலபமாகப் பிரித்துவிடுகிறது. ஜூ ஆனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வந்த செய்தியை அந்த வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அது யோசிப்பதில்லை.

1925இன் வசந்தத்துக்குத் திரும்புவோம். குவாங்பிங் எதிர்த்த கல்லூரி முதல்வர் ஒரு பெண். யாங் யின்யூ என்று பெயர், அமெரிக்காவில் படித்தவர். மாணவிகளைக் குடும்பத்துப் பெரியவரின் கண்டிப்போடு அடக்கப் பார்த்தார். மே மாதம் குவாங்பிங் உள்ளிட்ட ஆறு மாணவிகள் நீக்கப்பட்டார்கள். மந்தையைக் கெடுக்கிறவர்கள் என்ற பொருளில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சீனத்தில் அந்த மரபுத்தொடருக்குள் ஒரு குதிரை இருக்கிறது. 'கெட்ட குதிரை' என்பதையே லூ சுன் குவாங்பிங்குக்குச் செல்லப்பெயராக்கிவிட்டார். அவரும் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். மாணவிகளுக்கு ஆதரவாக ஆசிரியர்கள் விட்ட அறிக்கையை எழுதியது லூ சுன். ஆகஸ்டில் கல்வி அமைச்சகத்தில் தான் பார்த்துவந்த பதவியை இழந்தார். வழக்குப் போட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே வருஷக் கடைசியில் அவர் 'விதவைவாதம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். மணமாகாமலோ கணவனின்றியோ வாழ்ந்து பள்ளிகளை நடத்தும் பெண்கள் சந்தேகப் புத்தியும் பொறாமையும் கொண்டு இளம்பெண்களை வதைக்கிறார்கள் என்பது அதன் சாரம். யாங் யின்யூவின் அடக்குமுறையைக் கண்டிக்க அவருடைய செயல்களே போதுமானவையாக இருந்தன. அவர் மணவாழ்வு இல்லாதவர் என்பதை எதற்கு இழுக்க வேண்டும்? அதுவும், தன் வீட்டு மேற்கு அறையில் கணவன் இருந்தும் இல்லாமல் வாழ்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு? 1938இல் சூஜோவில் ஜப்பானியச் சிப்பாய்கள் யாங் யின்யூவைக் கொன்றார்கள். அந்தக் கட்டுரை மட்டும் நூல் தொகுப்பில் நிலைத்துவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் ஆசிரியரும் மாணவியும் காதலர்களாகிவிட்டார்கள். ஒரே ஊர், அடிக்கடி சந்திப்பு, எனவே கடிதங்கள் நின்றுபோயின. குவாங்பிங் அவருக்குக் கையெழுத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். 1926 மார்ச் 18 காலையிலும் பிரதியெடுத்த தாள்களோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டு, துவான் சீருய் அரசாங்கத்தின் முன் நடக்கவிருந்த ஊர்வலத்துக்கு அவசரமாகக் கிளம்பினார். தினம் தினம் மனுக்கொடுக்கிறீர்களே, இன்னும் பிரதியெடுக்க வேண்டியது இருக்கிறது என்று லூ சுன் தடுத்து உட்காரவைத்தார். பிறகு செய்தி வந்தது. ராணுவம் சுட்டதில் 47 பேர் இறந்தார்கள். முந்தைய வருஷம் குவாங்பிங்கோடு நீக்கப்பட்ட லியூ ஹெஜென் அவர்களில் ஒருவர். பிரதியெடுக்கும் வேலை அன்று குவாங்பிங்கின் உயிரைக் காப்பாற்றியது. பின்னால் அதே வேலை அவருடைய நாட்களைத் தின்றது. இரண்டையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் இருவரும் சேர்ந்தே பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பினார்கள். ஷாங்காயில் பிரிந்து, அவர் ஷியாமென் பல்கலைக்கழகத்துக்கும் குவாங்பிங் குவாங்சோவின் மாகாணப் பெண்கள் ஆசிரியப் பள்ளிக்கும் வேலைக்குப் போனார்கள். அப்போது எழுதிய கடிதங்கள்தான் நூலின் உயிர். கப்பல் வந்தால் தபால் வரும். வராவிட்டால் நாட்கணக்கில் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வரும். எந்தக் கடிதம் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று இருவரும் கணக்குப் பார்க்கிறார்கள். தபால் அலுவலகத்தை நம்பாமல் நடுராத்திரியில் நடந்துபோய் வெளிப்பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு வருகிறார் அந்த 45 வயதுக்காரர். இருட்டில் விழுந்துவைக்கப் போகிறீர்கள் என்று குவாங்பிங் திட்டுகிறார். இனிமேல் பகலில்தான் போடுவேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். வகுப்பில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள், ஷியாமெனை விட்டுப் போகும்வரை கண்ணை அந்தப் பக்கம் திருப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன் என்று கேட்காமலே ஒரு சத்தியம். முள்கம்பி வேலியைத் தாண்டிப் பார்த்துக் காலைக் கிழித்துக்கொண்டதையும் விளையாட்டுப்போல எழுதுகிறார். குவாங்பிங் கம்பளிநூலில் மேலங்கி பின்னி அனுப்புகிறார். சீனாவே வணங்கிக்கொண்டிருந்த கசப்பான அறிஞர் இவர்தானா என்று சிரிப்பு வருகிறது.

குவாங்பிங்குக்குச் சிரிக்க நேரமில்லை. விடுதியும் ஒழுங்கும் அவர் பொறுப்பு. காலையிலிருந்து இரவு விளக்கணைக்கும்வரை ஓட்டம். வலதுசாரி மாணவிகளோடு சண்டை. சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. பேராசிரியரின் கடிதங்களில் தனிமை நிறைய இருக்கிறது, குவாங்பிங்கின் கடிதங்களில் களைப்பு நிறைய இருக்கிறது. ஒரு பெண் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று உள்ளேயிருந்து சொல்கிற பக்கங்கள் அவை. ஏனோ இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேலங்கியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நவம்பரில் லூ சுன் ஒரு கேள்வி கேட்டார். தன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: காசு சேர்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் பழைய வாழ்க்கையிலேயே துன்பப்பட்டுக் கிடப்பது, தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் பிறருக்காக உழைப்பது, யார் என்ன சொன்னாலும் நினைத்ததைச் செய்வது, ஆனால் ஒரு தோழியை இழந்துவிடாமல். எதைத் தேர்வது என்று வெளிச்சம் காட்டச் சொன்னார். காதலைச் சொல்ல இதைவிடச் சுற்றுவழி கிடையாது. முடிவை மாணவியின் வாயிலிருந்து வரவழைக்கிறார்.

குவாங்பிங் சுற்றவில்லை. பழைய சமுதாயம் உங்களுக்குத் துன்பத்தைப் பூர்வீகச் சொத்தாக விட்டுவைத்திருக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் அதை எதிர்க்கிறீர்கள், இன்னொரு பக்கம் அதைக் கைவிடத் துணிவில்லை, கைவிட்டால் அந்தப் பழைய உலகத்தில் நிற்க இடமிருக்காதே என்று பயம். அதனால் காலமெல்லாம் அந்தச் சொத்தைக் காத்துக் கிடக்கிற குடியானவனாக இருக்கச் சம்மதிக்கிறீர்கள் என்ற பொருளில் எழுதினார். நாமும் மனிதர்கள்தான், நாம் மட்டும் துன்பப்பட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றும் சேர்த்தார். காதலைத் தைரியமாகக் கேட்டுவாங்கிய பெண்ணின் கடிதம் அது. ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கும்போது எனக்குள் ஒரு கைதட்டல் எழுகிறது. உடனே தொண்டை அடைக்கிறது. 'சொத்து' என்று அங்கே சொல்லப்படுவது பெய்ஜிங்கில் அந்த அம்மாளின் மாமியாருக்கு இரவுச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த ஒரு மனுஷி. கணவன் வாயில் 'பரிசு', காதலியின் கடிதத்தில் 'சொத்து'. இருவரும் மோசமானவர்கள் இல்லை; இருவருமே அந்த அமைப்பிலிருந்து தப்பிக்கத் தவித்தவர்கள். அந்தத் தவிப்பைச் சொல்லக் கிடைத்த சொற்கள் அவரைப் பொருளாகத்தான் பார்த்தன.

1927 ஜனவரியில் லூ சுன், முன்பு காதலைப் பற்றி நினைத்தாலே தகுதியில்லையோ என்று வெட்கப்பட்டதாகவும், இப்போது தன்னாலும் நேசிக்க முடியும் என்று தெளிந்ததாகவும் எழுதிவிட்டுக் குவாங்சோவுக்குக் கப்பலேறினார். அந்த வருஷம் அக்டோபரில் இருவரும் ஷாங்காயில் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். சடங்கும் இல்லை, பதிவும் இல்லை. 'மனைவி' என்ற சொல் சட்டப்படி கடைசிவரை மேற்கு அறையிலேயே இருந்தது.

ஷாங்காய்க்கு வந்ததும் குவாங்பிங் வேலை தேட விரும்பினார். நண்பர் ஒருவர் கல்வித்துறையில் ஏற்பாடும் செய்துவிட்டார். அப்படியானால் நான் மறுபடி என் பழைய தனிமை வாழ்க்கைக்குப் போக வேண்டியதுதான் என்று லூ சுன் சொன்னார். குவாங்பிங் போகவில்லை. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார், குற்றச்சாட்டாக இல்லாமல். அதற்குப் பதிலாக லூ சுன் அவருக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தார். பிரதியெடுப்பது, அச்சுப்பிழை பார்ப்பது, விருந்தினரைக் கவனிப்பது, தைப்பது, சமைப்பது என்று குவாங்பிங்கின் நாட்கள் போயின.

இந்த லூ சுன்தான் 1923 டிசம்பர் 26 அன்று, குவாங்பிங் படித்த அதே கல்லூரியில், வீட்டைவிட்டு வெளியேறிய நோராவுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று உரையாற்றியவர். இப்சனின் நாடகத்தில் கதவு அறைந்து சாத்தப்படுவதோடு திரை விழுகிறது. விழித்துக்கொண்ட மனதைத் தவிர நோரா வேறென்ன எடுத்துக்கொண்டு போனாள் என்று அவர் கேட்டார். கையில் காசில்லாவிட்டால் சீரழிவாள் அல்லது திரும்பி வருவாள், பெண்ணுக்கு முதலில் வேண்டியது பொருளாதார உரிமை என்று அந்தக் காலத்தில் எந்தச் சீர்திருத்தக்காரரும் சொல்லாத தெளிவோடு சொன்னார். 1925இல், காதலித்துச் சேர்ந்து வாழ்ந்த பெண் வீட்டுவேலையிலும் வறுமையிலும் மங்கிப்போய்க் கைவிடப்பட்டு இறக்கும் கதையையும் எழுதினார். குவாங்பிங் அந்த உரையையும் அந்தக் கதையையும் அறியாதவர் இல்லை. தெரிந்திருந்தும் எப்படி நடந்தது என்று கேட்பவர்கள் நம்மைச் சுற்றியிருக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய மேதைமை குவாங்பிங்குக்கு வேலையாகிவிட்டது. அந்த வேலையை அன்பு என்றும் அவர் உணர்ந்தார், சம்பளம் கேட்க வழியில்லை.

1929 மே மாதம் லூ சுன் தாயைப் பார்க்கப் பெய்ஜிங் போனார். குவாங்பிங் அப்போது கர்ப்பிணி. இந்த மூன்றாம் பகுதியின் அசல் கடிதங்களில் அவர் 'குட்டி முள்ளெலி', இவர் 'குட்டி வெள்ளை யானை'. கையெழுத்துப் போடும் இடத்தில் துதிக்கையோடு சின்ன யானைப்படம். மேற்கு அறையில் ஜூ ஆனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் பழகிய பெண்ணிடம், நான் சுவரில் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும் நத்தை, மெதுவாகப் போனாலும் ஒருநாள் உச்சிக்குப் போய்விடுவேன் என்று நினைத்திருந்தேன், இனி ஏறத் தெம்பில்லை என்று சொன்னார். காதலர்கள் இருவரும் ஒருவரையொருவர் விலங்குப் பெயர்களால் கொஞ்சிக்கொண்டிருந்த அதே நாட்களில், எழுதத் தெரியாதவர் தனக்கென ஓர் உயிரியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். மகன் ஹையிங் செப்டம்பர் 27இல் பிறந்தான்.

புத்தகமாக்கியபோது அந்த யானையும் முள்ளெலியும் நீக்கப்பட்டன. 1932இல் இளம் நண்பர் ஒருவர் இறந்து, அவர் எழுதிய கடிதங்களைத் தேடியபோதுதான், தங்களுடையவை கைவசம் இருப்பது நினைவுக்கு வந்ததாக முன்னுரை சொல்கிறது. பணத் தேவையும் இருந்தது. ஊரில் உலவிய வம்புகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியிருக்கலாம். லூ சுன் கடிதங்களைத் திருத்தினார். பலருடைய பெயர்களை மாற்றினார், கொஞ்சல்களை வெட்டினார், சில இடங்களில் சேர்த்தும் எழுதினார். மகனுக்காக முழு நூலையும் நல்ல தாளில் தன் கையாலேயே ஒருமுறை எழுதிவைத்தார். இதில் மாணவியின் கடிதங்களும் ஆசிரியரின் பேனாவுக்குக் கீழே வந்துவிட்டன. 1984இல் அசல் கடிதங்கள் தனியாக வெளியான பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. காதலில் நாணப்பட்டவர் அந்த நவீனப் பெண் இல்லை என்பது அதில் தெரிகிறது.

லூ சுன் 1936 அக்டோபர் 19 அன்று காலமானார். அதற்கடுத்த வருஷம், அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஆண்டு வரிசையில் தயாரித்த நண்பர், குவாங்பிங்கின் மனம் நோகாமலிருக்க, காதலால் இணைந்து துணைவரானார்கள் என்று அலங்காரமாக எழுதினார். வரைவைப் பார்த்த குவாங்பிங் அதை அடித்துவிட்டுச் 'சேர்ந்து வாழ்ந்தார்கள்' என்று மாற்றினார். ஜூ ஆனோடு நடந்த திருமணம் அந்தக் குறிப்பில் இருந்தபடியே இருந்தது. 1938இல் இருபது தொகுதிகளாக லூ சுன் நூல்திரட்டு வெளிவர முன்நின்றவர் குவாங்பிங். 1941 டிசம்பரில் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துப்போய் 76 நாட்கள் வைத்து வதைத்தது. ஷாங்காய் எழுத்தாளர்களின் பெயர்களைக் கேட்டார்கள். ஒரு பெயரும் சொல்லவில்லை.

போரினால் பெய்ஜிங்குக்குப் பணம் அனுப்புவது நின்றது. மாமியாரும் 1943இல் இறந்தார். 1944இல் ஜூ ஆன் வேறு வழியில்லாமல் கணவரின் புத்தகங்களை விற்க முடிவு செய்தார். பதறிப்போய் ஷாங்காயிலிருந்து இரண்டு பேர் வந்து பேசினார்கள். அவர் சாப்பாட்டில் இருந்தார்: தண்ணீர்க் கஞ்சியும் உப்பில் ஊறிய காய்த் துண்டுகளும். லூ சுன் விட்டுச்சென்ற பொருட்களைக் காக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது கிழவி வெடித்தார். காக்க வேண்டும் காக்க வேண்டும் என்கிறீர்களே, நானும்தான் லூ சுன் விட்டுப்போன பொருள், என்னை யார் காப்பது என்று கேட்டார். 'பரிசு', 'சொத்து' என்ற சொற்களை அவர் படித்திருக்க வழியில்லை. தன்னைப் பற்றி நாற்பது வருஷமாகப் பிறர் பேசிவந்த மொழி அவருக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. வந்தவர்கள் குவாங்பிங் சிறைப்பட்ட கதையையும் ஹையிங்கைப் பற்றியும் சொன்னார்கள். பையனை ஏன் கூட்டிவரவில்லை என்று ஜூ ஆன் கோபித்துக்கொண்டார். புத்தகங்கள் விற்கப்படவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கடிதப் போக்குவரத்து தொடங்குகிறது. குவாங்பிங் ஷாங்காயிலிருந்து பணம் அனுப்புகிறார். ஜூ ஆன் யாரையாவது உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்துப் பதில் போடுகிறார். பணம் வந்து சேர்ந்தது, விலைவாசி ஏறிவிட்டது, உடம்புக்கு இப்படி இருக்கிறது. ஹையிங்குக்குத் தனியாக எழுதவைத்து, நீயும் உன் அம்மாவும் சேர்ந்து எடுத்த புகைப்படம் இருந்தால் அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது என்று கேட்கிறார். எழுதிக்கொடுத்தவர்களின் கடிதநடை சம்பிரதாயமானது. அதற்குள்ளிருந்து அவர் குரலைப் பிரித்தெடுப்பது சிரமம், ஆனால் புகைப்படம் கேட்பதெல்லாம் எழுத்தர் யோசித்து எழுதக்கூடியதா என்ன? 1947 ஜூனில், சாவதற்கு முந்தின நாள் பார்க்க வந்த பத்திரிகையாளரிடம், குவாங்பிங் என்னிடம் நன்றாகவே நடந்துகொண்டாள், என் மனதைப் புரிந்துகொண்டாள் என்று சொன்னார்.

ஷாங்காயில் கணவரின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அது நடக்கவில்லை. பெய்ஜிங்கிலேயே, பெயர்க்கல் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் குவாங்பிங்குக்கு எழுதவைத்த கடிதங்களில் ஒன்று ஒரு பட்டியலைத் தாங்கிப் போயிருந்தது. இறந்தபின் தனக்கு உடுத்த வேண்டிய துணிகள்: எது ஏற்கெனவே தைத்து வைத்திருக்கிறது, எது இன்னும் வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக.